நிமிடக் கணக்கை வைத்துப் பியானோவை எடை போடலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இசைப் பக்கத்தில் பியானோ ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டு வரும் குறிப்புகளை, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோர் கத்தரித்து வைத்துப் படிக்கிறார்கள். ஆகவே ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷூபர்ட்டின் டி. 960 எண்ணுள்ள பியானோ சொனாட்டாவின் முதல் பகுதிக்குப் பியானோ கலைஞர் ரிக்டர் 24 நிமிடத்துக்கு மேல் எடுக்கிறார், இன்னொரு கலைஞர் பிரெண்டல் சுமார் 15 நிமிடத்தில் முடிக்கிறார், எனவே ரிக்டர் இழுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நிமிடக் கணக்கு சரி. முடிவு பாதிதான் சரி.

பிரெண்டலின் பதிவுகளில் இந்தப் பகுதிக்கு ரிப்பீட், அதாவது தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி வாசிப்பது, இல்லை. 1972-இல் சால்ஸ்பர்க்கில் பதிவான ரிக்டரின் வாசிப்பில் இருக்கிறது. வித்தியாசத்தில் ஆறு நிமிடம் போல ரிப்பீட்டுக்கே போய்விடுகிறது. மிச்சமுள்ள மூன்று நிமிடம்தான் ரிக்டரின் நிதானம். அதுவும் சின்ன வித்தியாசமில்லை, ஒப்புக்கொள்கிறோம்.

அந்த ரிப்பீட் சும்மா இன்னொரு தடவை வாசிப்பதும் அல்ல. தொடக்கத்துக்குத் திரும்புவதற்கென்றே ஷூபர்ட் ஒன்பது பார் (தாளக் கட்டம்) தனியாக எழுதியிருக்கிறார். ரிப்பீட்டை விட்டால் அந்த ஒன்பதும் போயிற்று. 8-ஆவது பாரில் இடது கையின் அடியாழத்தில் ஒரு டிரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) முணுமுணுத்துவிட்டு அடங்கும். அதே டிரில் முழு பலத்தோடு உறுமுவது இந்த ஒன்பது பாரில் மட்டும்தான். அது இந்த இசையோடு ஒட்டவில்லை என்று கருதித் தெரிந்தே விட்டவர் பிரெண்டல். நாங்கள் ரிக்டர் கட்சி. எந்தக் கட்சியானாலும், மொத்த நிமிடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இதில் எதுவும் தெரியாது. முதல் பாரில் தொடங்கி ரிப்பீட் குறி வருமுன் 117-ஆவது பார் வரை இரண்டு பதிவையும் கடிகாரம் வைத்துக் கேளுங்கள். அதுதான் நேர் ஒப்பீடு.

கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். அந்த டிரிலின் அடிச்சுரம் அதில் எழும்பாது, மேலே மிதக்கும் கிளை அதிர்வுதான் காதுக்கு வரும். வீட்டில் பிள்ளை பழகும் 61 கட்டை கீபோர்டிலோ அந்தச் சுரத்துக்குக் கட்டையே கிடையாது. சாதாரண ஹெட்போன் போதும்.

ரிப்பீட் விஷயத்தில் எல்லோரும் சறுக்கும் இன்னொரு இடம் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். கிளென் கூல்ட் 1955-இல் பதிவு செய்தது 38 நிமிடம் சொச்சம், 1981-இல் பதிவு செய்தது 51 நிமிடம். முதலாவதில் ரிப்பீட்டே இல்லை, இரண்டாவதில் சிலவற்றுக்கு உண்டு. கூடுதல் 13 நிமிடத்தை முழுக்க வயதின் நிதானம் என்று எழுதுவது தப்பு. ஆனால் தொடக்கத்தில் வரும் ஆரியா என்ற மெட்டை இரண்டிலும் ரிப்பீட் இல்லாமல் வாசிக்கிறார். அதே 32 பார், பாருக்கு மூன்று கால் சுர அளவு வீதம் 96 கால்: 1955-இல் 1 நிமிடம் 53 விநாடி, 1981-இல் 3 நிமிடம் 5 விநாடி. சராசரி போட்டால் நிமிடத்துக்கு 51 கால் எங்கே, 31 கால் எங்கே! கூல்டைப் பற்றி எழுத வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா முதல் பகுதியில் இந்தத் தொல்லை கிடையாது. ரிப்பீட் இல்லை, 69 பார், நிமிடக் கணக்கை நேரே ஒப்பிடலாம். பாருக்கு நான்கு கால் வைத்து, ஐந்து நிமிடத்தில் வாசித்தால் நிமிடத்துக்கு 55 கால், ஆறு நிமிடமானால் 46. பாருக்கு இரண்டு தட்டு என்றுதான் பீத்தோவன் குறித்திருக்கிறார். நம் பிள்ளைகள் நான்காக எண்ணுவதால்தான் அது தாலாட்டாகிவிடுகிறது. இங்கே கேட்க வேண்டியது பெடல். நாதத்தை அடக்கும் டாம்பரை இறக்காமலே வாசி என்கிறது அவர் குறிப்பு. அவர் காலத்துப் பியானோவில் நாதம் சீக்கிரம் தேயும், இன்றைய பியானோவில் தேயாமல் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கலங்கும். அதனால் பெரும்பாலோர் ஒவ்வொரு கார்டு (சுரக் கூட்டு) மாற்றத்திலும் பெடலை மாற்றுகிறார்கள். பியானோ கலைஞர் ஆந்த்ராஷ் ஷிஃப் அந்தக் குறிப்பை ஒட்டியே போய், வேகத்தையும் கூட்டிக்கொள்கிறார். இந்த இரண்டு வகையிலும் ஒவ்வொன்று கேட்டால் போதும், பத்துப் பதிவு தேவையில்லை.

பழைய பதிவுகளுக்கு வேறு கவனம் வேண்டும். பியானோ கலைஞர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை பதிவு செய்த பீத்தோவன் சொனாட்டாக்கள் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகளில் வந்தவை. பக்கத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும், ஆகவே இடையிடையே ஒட்டு இருக்கும். தட்டு 6 சதவீதம் வேகமாகச் சுழன்றிருந்தால் சுருதி அரைச் சுரம் ஏறிவிடும், கூடவே வாசிப்பும் சுறுசுறுப்பாகத் தோன்றும். கடைசி கார்டைக் கீபோர்டில் வாசித்துச் சுருதி பார்த்துவிட்டுப் பிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம். கடுகு வெடிக்கிற மாதிரி இரைச்சல் இருக்கிற பிரதியே தேவலை. இரைச்சலை முழுக்கத் துடைத்த பிரதியில் மேல் கட்டைகளின் மினுக்கமும் சேர்ந்து போயிருக்கும்.

ஒலி அளவையும் சமன் செய்யாமல் ஒப்பிடக் கூடாது. ஒரு டெசிபெல் கூடுதலாக இருக்கும் பதிவு, சத்தம் கூடியது என்று தெரியாமலே, நிறைவாகப் படும். இரண்டிலும் ஒரே இடத்தில் முப்பது விநாடி எடுத்து, கைபேசியில் உள்ள டெசிபெல் செயலியால் அளந்து சரிசெய்துவிட்டு, முதலாவது, இரண்டாவது, மறுபடி முதலாவது என்று கேட்க வேண்டும். ஓட்டு வீட்டில் மழை பெய்யும்போது இந்த வேலை ஆகாது. இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டத்தில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாசித்தவர் பெயரையும் கண்ணை மூடி நம்ப முடியாது. ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பியானோ கலைஞர் பெயரில் வந்த குறுந்தகடுகளை விமர்சகர்கள் வானளாவப் புகழ்ந்தார்கள். 2007-இல் ஒருவர் லிஸ்ட் எட்யூடுகள் அடங்கிய தகட்டைக் கணினியில் போட, திரையில் வந்த பெயர் வேறொரு பியானோ கலைஞரான லாஸ்லோ ஷிமோன். தகட்டைக் கணினி அடையாளம் கண்டது பாட்டுகளின் நீளத்தை வைத்துத்தான். நிமிடக் கணக்கு உருப்படியாக உதவிய இடம் அது.

ஆகவே இனி வரும் குறிப்புகளில் பதிவான ஆண்டு, ரிப்பீட் உண்டா இல்லையா, ஒப்பிட்டது எந்தப் பார் முதல் எந்தப் பார் வரை என்ற மூன்றையும் பெயருக்குக் கீழே ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். ரிக்டர் பற்றிய திருத்தத்தையும் அடுத்த இசைப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பியானோ ஆசிரியர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.