விரதம் இருக்கட்டும், தண்ணீரை நிறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கந்த சஷ்டியை ஒட்டி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரை, 'விரதம் இருந்தால் சிறுநீரில் உள்ள கிருமியும் பட்டினி கிடந்து சாகும்' என்கிறது. ஆய்வகத்தில் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்தே ஓய்வு பெற்றவள் என்பதால் இதை எழுதுகிறேன். நாம் சோற்றை நிறுத்தினால், நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற கிருமி பட்டினி கிடக்காது. சிறுநீரில் இருக்கும் அமினோ அமிலங்களே அதற்குப் போதும்.

யூரியாவும் உப்பும் ஏறிய, அமிலம் கூடிய சிறுநீரில் கிருமி மெதுவாகத்தான் வளரும், உண்மை. ஆனால் அது சோதனைக் குழாயில். சிறுநீர்ப்பையில் எவ்வளவு நேரம் தேங்குகிறது என்பதுதான் கணக்கு. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பவர் காலையில் போனால் மறுபடி போக மாலையாகிவிடும். கிருமிக்கு அவ்வளவு நேரம் தாராளம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், தண்ணீர் குறைவாகக் குடிக்கும், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் 140 பெண்களை ஓராண்டு கவனித்தார்கள். தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை வந்தது, குடிக்காதவர்களுக்கு 3.2 தடவை.

இன்னொன்று. கல்ச்சருக்கு வெறும் வயிறு தேவையில்லை. சுகர் டெஸ்ட் நினைப்பில் 'காலைல இருந்து காப்பி கூடக் குடிக்கல சிஸ்டர்' என்று வந்து நிற்பார்கள். வராத சிறுநீரை வரவழைக்க அங்கேயே ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்வார்கள். அது அதைவிட மோசம். நாங்கள் வளையக் கம்பியில் எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் தீற்றுவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் உள்ள ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். மறுநாள் 100 புள்ளி முளைத்திருந்தால் மில்லிக்கு 1 லட்சம் கிருமி, அதாவது தொற்று. தண்ணீரால் நீர்த்த மாதிரியில் அதுவே பத்து இருபதாகத் தெரியும். ரிப்போர்ட்டில் 'குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை' என்று வந்துவிடும். எரிச்சலோடு வந்தவர் எரிச்சலோடே வீட்டுக்குப் போவார். விடியற்காலை முதல் சிறுநீரில், நடுப்பகுதியைப் பிடித்து 2 மணி நேரத்துக்குள் கொடுத்தால் போதும்.

மிளகு விரதக்காரர்கள்கூட மிளகைத் தண்ணீரோடுதானே விழுங்குகிறார்கள்! அந்தத் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கச் சொல்லி அடுத்த வாரமே எழுதுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்களும் சர்க்கரைக்காரர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலும் விலாவில் வலியும் வந்தால், சூரசம்ஹாரம் முடியட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
பாளையங்கோட்டை.