மண்டாய்ச் சேற்றுக்கு வருகிறாயா, கயல்?

அன்புள்ள கயலுக்கு,

தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினால் நீ சிரித்துக்கொண்டே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற மனிதர் சனிக்கிழமை விடிவதற்குள் எழுந்து, முன்பின் தெரியாதவர்களோடு காட்டிலும் சேற்றிலும் போய் நிற்பானேன், இந்த வேலைக்கெல்லாம் சிங்கப்பூரில் சம்பள ஆள் இல்லையா என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். உன் அம்மாவுக்கும் அது உண்டு. வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சம்பள ஆட்கள் இருக்கிறார்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலை அவர்கள் கூட்டிப் பெருக்கி வைத்திருந்ததால்தான் சிறுமியாக இருந்தபோது நீ அங்கே செருப்பில்லாமல் ஓடினாய். ஆனால் லிம் சூ காங் பக்கத்து அலையாத்திக் காட்டுக்குள் யாரும் அன்றாடம் துடைப்பம் எடுத்துக்கொண்டு போவதில்லை. கடல் ஏறும்போது வரும் குப்பை மூச்சுவேர்களுக்கு இடையே சிக்கிக்கொள்கிறது. கடல் வற்றும்போது அது திரும்பிப் போவதில்லை. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகெங்கும் கடலோரத் துப்புரவு நடக்கும். சிங்கப்பூர் 1992 முதல் அதில் இருக்கிறது. நாங்களும் போகிறோம். மூன்று மூன்று பேராகப் பிரிந்து, ஒருவர் பொறுக்க, ஒருவர் பையைப் பிடிக்க, ஒருவர் எழுதுவார். உறிஞ்சுகுழல் எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை, நுரைப்பெட்டித் துணுக்கு எத்தனை, அறுந்த வலை எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு. எழுதும் வேலையை யாரும் ஆசையாகக் கேட்பதில்லை. நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அள்ளிய குப்பையின் இடத்தை அடுத்து வரும் அலைகள் நிரப்பிவிடும். எழுதிய தாளை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

உன்னிடம் சொல்ல நினைத்ததும் அந்தத் தாளைப் பற்றித்தான்.

உபின் தீவின் செக் ஜாவா கரைக்கு உன்னைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போனார்கள், நினைவிருக்கிறதா? சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து, உபினுக்குப் படகேறிப் போனதாக வந்து சொன்னாய். கடலின் மேல் போட்டிருந்த நடைமேடையைப் பற்றியே அன்று முழுவதும் பேசினாய். அந்த இடம் இன்று மண்ணுக்கு அடியில் இருந்திருக்க வேண்டியது. 2001 இறுதியில் அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி தொடங்குவதாக இருந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் அங்கே என்னதான் இருக்கிறது என்பது இயற்கை ஆர்வலர்களுக்கே தெரியவந்தது. கரையோரக் காடு, அலையாத்தி, பாறைக் கரை, மணல்திட்டு, கடற்புல் பரப்பு, பவளத் துண்டுகள் கிடக்கும் பகுதி ஆகிய ஆறும் ஒட்டி ஒட்டி ஒரே இடத்தில் இருந்தன. நீ அப்போது பாலர் பள்ளியில் இருந்தாய். நான் செய்தித்தாளில் படித்ததோடு சரி. வேறு சிலர் கடல் வற்றிய நேரமெல்லாம் அங்கே போனார்கள். அருங்காட்சியக ஆய்வாளர்கள் முன்னே நிற்க, தொண்டூழியர்கள் எந்த உயிர் எந்த இடத்தில் எத்தனை என்று எழுதினார்கள். கூட்டம் கூட்டமாக வந்த பொதுமக்களுக்கு வழிகாட்டினார்கள். 2002 ஜனவரியில் தூர்க்கும் பணி ஒத்திவைக்கப்பட்டது. 2007-இல் நடைமேடை திறந்தார்கள்.

பலரும் அந்தக் கதையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதன் பின்பாதிதான் பெரிதாகத் தெரிகிறது. நடைமேடை திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2006 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் பேய்மழை கொட்டியது. மலேசியாவின் ஜொகூர் பக்கத்து ஆற்று வெள்ளம் கலந்து கடலின் உப்பே குறைந்துபோனது. செக் ஜாவாவில் கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் கணக்கில்லாமல் செத்து ஒதுங்கின. அடுத்தடுத்த மாதங்களில் யாரும் சொல்லாமலே தொண்டூழியர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முன்பே பதிவு இருந்ததால்தான் எது போயிற்று என்று தெரிந்தது. விடாமல் போனதால்தான் எது திரும்பி வருகிறது என்று தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. தூர்க்கும் பணியை ஒத்திவைத்தோம் என்றுதான் சொன்னார்கள், கைவிட்டோம் என்று சொல்லவில்லை. நிலம் தேவைப்படாத வரைக்கும் என்பதுதான் ஏற்பாடு. சிறிய தீவு, மக்கள் நிறைய. வீடும் வேண்டும், சாலையும் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. கேள்வி வரும் நாளில் அங்கே என்ன இருக்கிறது என்ற கணக்கு மேசைமேல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது மண்டாய்க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எனக்கு அவசரம்.

தீவின் வடக்கே கிராஞ்சிக்குப் பின்புறம் ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி ஒரு சேற்றுவெளி இருக்கிறது. கடல் வற்றும்போது சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் அங்கே ஆட்களைத் திரட்டிக்கொண்டு போவார்கள், குதிரைலாட நண்டுகளைத் தேடி. பெயர்தான் நண்டு. உறவெல்லாம் சிலந்தி, தேள் வகையோடு. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாக இந்த உருவத்தோடு உலகில் இருக்கும் குடும்பம் அது. இன்று எஞ்சியிருப்பவை நான்கே இனங்கள். அவற்றில் இரண்டு நம் கரையில் உண்டு. வாலைத் தொட்டுப் பார்த்தே இனத்தைச் சொல்லலாம். உருண்டையாக இருந்தால் அலையாத்தி இனம், மூன்று விளிம்போடு முக்கோணமாக இருந்தால் கடலோர இனம். மண்டாயில் கிடைப்பது முன்னது. அந்த வால் கொட்டாது, குத்தாது. கவிழ்ந்து விழுந்தால் புரண்டு எழ அதற்கு இருக்கும் துணை அதுதான். எனவே வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதுதான் முதலில் சொல்லித்தரும் பாடம். ஓட்டின் இரு ஓரத்தையும் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

யாரோ விட்டுப்போன வலைகள் சேற்றில் புதைந்து கிடக்கும். நண்டுகள் அவற்றில் கால்களை மாட்டிக்கொண்டு, இழுக்க இழுக்க இன்னும் இறுகி, வெயிலில் காய்ந்து செத்துவிடும். கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்டி விடுவிக்க வேண்டும். பதற்றப்பட்டால் கால் ஒடிந்துவிடும். விடுவித்ததும் முன் ஓட்டின் அகலத்தை அளக்க வேண்டும். முன்பக்கக் கொடுக்குகள் பருத்துக் கொக்கிபோல் வளைந்திருந்தால் ஆண். அகலத்தையும் ஆணா பெண்ணா என்பதையும் எழுதிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். போன முறை பத்து வயதுப் பையன் ஒருவன் அளவைக் கூவிக் கூவிச் சொல்ல, எங்கள் குழுவின் மூத்த சீன அம்மையார் எழுதிக்கொண்டே வந்தார். அவர் கேட்ட எண்ணை ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். அந்த அக்கறைக்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. சிறிய குஞ்சுகள் நிறையக் கிடைத்தால் அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்று பொருள். பெரியவை மட்டுமே கிடைக்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். இது ஒரு நாள் போய்வந்தவருக்குத் தெரியாது. பல ஆண்டுகளின் தாள்களை அடுக்கிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். மண்டாய்ச் சேற்றுவெளியையும் அலையாத்தியையும் இயற்கைப் பூங்காவாக வைத்துக்கொள்ளப் போவதாக 2018-இல் அறிவித்தார்கள். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை உன்னிடம் தொலைபேசியில் சொன்னேன், நீ வேறு அவசரத்தில் இருந்தாய்.

நடையைப் பற்றியும் கேட்டாயே. புக்கிட் தீமா குன்றின் உச்சிக் கல்லருகே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடும் குழுக்களோடு எனக்கு ஒட்டவில்லை. 163 மீட்டர் ஏறுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1854-இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் அந்தக் குன்றருகே தங்கி, சுமார் இரண்டே மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். பெரும்பாலானவை அந்தச் சிறு காட்டிலிருந்தே கிடைத்தவை. அப்படிப்பட்ட காட்டை ஒரு மணி நேரத்தில் ஓடிக் கடப்பவரைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. எங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர்தான் வேகத்தை நிர்ணயிப்பார். வழி தெரிந்தவர் முன்னால் போவார், கடைசியில் ஒருவர் எண்ணிக்கை பார்த்துக்கொண்டே வருவார். இடி முழக்கம் கேட்டால் கூரையைத் தேடி ஒதுங்குவோம், உச்சி எட்டடியில் இருந்தாலும் சரி. நம் தீவின் மின்னல் யாருக்கும் தயவு காட்டாது. ஆக, அப்பா ஏதோ வீரசாகசம் செய்வதாக நீ பயப்பட வேண்டாம்.

அந்தக் காட்டுக்கு ஒரு துயரமும் உண்டு. 1980-களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டபோது குன்று ஒரு பக்கமாகவும், நீர்த்தேக்கங்களைச் சுற்றிய பெருங்காடு மறுபக்கமாகவும் பிரிந்தன. குன்றின் பக்கம் மாட்டிக்கொண்ட பட்டை லங்கூர் குரங்குகளில் கடைசியானதை 1987-இல் நாய்கள் கடித்துக் கொன்றன. சாலைக்கு மேலே மரங்களோடு ஒரு பாலம் 2013-இல்தான் வந்தது. இன்று சிங்கப்பூர் முழுவதிலும் நூறு லங்கூர்கள்கூட இல்லை. இருப்பவை நடுக்காட்டில் இருக்கின்றன. அவற்றைத் தேடும் கணக்கெடுப்புக்குத் தொண்டூழியர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். குறித்த பாதையில் மெல்ல நடந்து, அண்ணாந்து பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, பார்த்தால் எழுத வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. அப்போதும் நேரம், இடம், பூஜ்யம் என்று எழுதித்தான் ஆக வேண்டும். புதிதாக வரும் இளைஞர்கள் அந்தப் பூஜ்யத்தை எழுதும்போது முகம் வாடிப்போகிறார்கள். நீ புள்ளிவிவரம் படித்தவள், பூஜ்யத்தின் அருமை உனக்குத் தெரியும். லங்கூர்கள் சாலையை எங்கே கடக்கின்றன, எங்கே கடப்பதில்லை என்ற இரண்டும் தெரிந்தால்தான் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலத்தை எந்த மரத்துக்கும் எந்த மரத்துக்கும் இடையே கட்டுவது என்று சொல்ல முடியும். பழைய அப்பர் தாம்சன் சாலையில் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். லங்கூர்கள் அதில் ஏறிக் கடக்கின்றன.

கொடி பிடுங்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸான்ஸிபார் வள்ளி என்று ஒரு வெளிநாட்டுக் கொடி பழைய ரயில் பாதையோரம் மரங்களைப் போர்த்தி மூடிவிடுகிறது. வெயில் கிடைக்காமல் கீழே இருக்கும் மரம் நலிந்துபோகிறது. மண்ணுக்கடியில் ஒரு கிழங்கு, கொடியிலேயே காய்போல் சின்னச் சின்னக் கிழங்குகள். ஒன்று தவறி விழுந்தாலும் முளைத்துவிடும் என்பதால் தரையில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இடுப்பு வலிக்கும். வந்து வெந்நீரில் குளித்தால் சரியாகிவிடுகிறது.

கயல், சென்ற ஆண்டு நீ வந்தபோது விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், "இந்த ஊரில் எனக்கென்று எதுவுமே மிச்சமில்லை அப்பா, போகும் ஒவ்வொரு முறையும் ஒன்றை இடித்துவிடுகிறார்கள்" என்றாய். அன்று நான் பதில் சொல்லவில்லை. உன் பழைய பள்ளிக் கட்டடம் போயிற்று, நீ வளர்ந்த அடுக்குமாடி புளோக் போயிற்று. அவற்றைத் திருப்பித் தர என்னால் முடியாது. ஆனால் ஒரு மாலை முழங்கால் அளவு சேற்றில் நின்று, உன் கையால் விடுவித்த ஓர் உயிரின் அளவை உன் கையெழுத்தில் எழுதிவிட்டால், அந்தத் தாள் இங்கே இருக்கும். நீ மெல்பர்னில் இருந்தாலும் இருக்கும். அந்த எண்ணை எடுத்து யாரோ ஒருவர் பத்தாண்டு கழித்து ஒரு முடிவு எடுப்பார். உனக்கு இந்தத் தீவில் பங்கு வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நினைவாக மட்டும் இருந்தால் எனக்குப் போதாது.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? நடு ஆண்டில் கடல் நன்றாக வற்றுவது விடியற்காலையில். ஆண்டுக் கடைசியில் அது மாலைக்கு மாறிவிடும். உனக்குத் தூக்கம் கெடாது. எந்த நாளில் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் உன் விமான டிக்கெட் தேதி உறுதியானதும் எனக்குச் சொல். அம்மாவையும் கேட்டிருக்கிறேன். சேற்றில் இறங்க மாட்டாளாம், கரையில் நின்று எழுதித் தருகிறேன் என்கிறாள். அது போதும்.

முழு நீளக் காற்சட்டை ஒன்று, பழையதாக, கொண்டுவா. கை மூடிய சட்டையும் வேண்டும், கொசு அதிகம். செருப்பு ஆகாது. வழக்கமான ஓட்டக் காலணியைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் நீர்க்காலணி இங்கே கிடைக்கிறது, நான் வாங்கி வைக்கிறேன். உன் கால் அளவை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா