பதவி போன பிஷப்பின் காகிதங்கள்

ஆசிரியருக்கு,

ஆயுதம் ஏந்த மறுத்து, 1870களில் ரஷ்யாவை விட்டு வட அமெரிக்காவுக்குக் கப்பலேறிய மென்னோனைட் கிறிஸ்தவர்களைப் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஜான் எஃப். ஃபங்க்கை ‘பத்திரிகை நடத்திய பிஷப்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். போதாக்குறைக்கு, அந்த வரியும் பிழை. குடிபெயர்வின்போது ஃபங்க் சாதாரணப் போதகர்தான். பிஷப் ஆனது 1892இல்.

சிகாகோவில் மர வியாபாரம் செய்துவந்த அவர், 1864இல் ‘ஹெரால்டு ஆஃப் ட்ரூத்’ இதழை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் தொடங்கினார். 1867இல் இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட்டுக்கு இடம்பெயர்ந்தார். இடம் பார்க்க ரஷ்யாவிலிருந்து 1873இல் பன்னிரண்டு பிரதிநிதிகள் வந்தபோது, டக்கோட்டா, மானிட்டோபா என்று அவர்களோடு அலைந்தார். வந்து இறங்குவோருக்கு உதவ அமைந்த குழுவுக்கு அவர்தான் பொருளாளர். பத்திரிகை ஆசிரியர், பணப்பெட்டிக்கும் பொறுப்பாளர் என்றால் தபால் எப்படிக் குவிந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா!

அந்தக் கடிதங்களும் அவருடைய நாட்குறிப்புகளும் இன்று மென்னோனைட் சபையின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நெடுங்காலம் கோஷன் நகரில் இருந்த அந்தக் காப்பகம், இப்போது எல்க்ஹார்ட்டிலேயே இயங்குகிறது. சபைத் தீர்மானங்களைப் புரட்டினால் தலைவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரியும். ஊர் பேர் தெரியாத ஒரு விவசாயி எதற்குக் கவலைப்பட்டான், யாரோடு சண்டையிட்டான் என்பதெல்லாம் இப்படி வந்து சேர்ந்த தபாலில்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால், ஃபங்க் எழுதியதைவிட அவருக்கு வந்ததுதான் பெரிய சொத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதிகாரத் தோரணை மிகுந்தவர் என்ற புகார் முற்றி, 1902இல் சக பிஷப்புகளே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1908இல் இதழும் கைமாறியது. அதன்பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே ஊரில் வாழ்ந்து, 1930இல் தமது 94ஆம் வயதில் மறைந்தார். மனம் கசந்து எல்லாவற்றையும் அடுப்பில் போட்டிருக்கலாம்; போடவில்லை. வெற்றியை மட்டும் பத்திரப்படுத்தும் தலைவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கிறது.

அக்கால ஜெர்மன் கையெழுத்து இன்றைய ஜெர்மானியர்களுக்கே எளிதில் பிடிபடாது என்பது உண்மை. இருந்தாலும் ஆங்கிலக் கடிதங்களை வைத்தாவது கட்டுரையாளர் ஒரு தொடர்ச்சி எழுதலாம். தலைவர்களைக் கொஞ்சம் ஓரமாக நிற்கவைத்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்