படகு ஒதுங்குதுறை அமைக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வேதாரண்யத்துக்கு வடக்கே உள்ள எங்கள் கடற்கரையில், புயல் காலத்தில் படகுகளை ஒதுக்கி நிறுத்த ஒரு வளைவோ குடாவோ கிடையாது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும் ஃபைபர் படகுகளை மணலில் ஏற்றி, ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து வைப்பதே இன்றுவரை வழக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்தப் பிணைப்பே பகையாயிற்று. அலை தூக்கிய ஒரு படகு அடுத்ததை இடித்து, அது அதற்கடுத்ததை உடைத்தது. விடிந்து பார்த்தால், அணியம் (முன்பக்கம்) பிளந்த படகுகளும், கடல் ஒதுக்கிய கருஞ்சேற்றில் புதைந்த எஞ்சின்களும், அறுத்தாலொழிய எடுக்க முடியாதபடி கருவேல முள்ளில் சுற்றிய வலைகளுமாகக் கிடந்தன.

எனவே, மணல் தூர்ந்து கிடக்கும் ஆற்று முகத்துவாரத்தை ஆழப்படுத்தி, கதவணைக்குக் கிழக்கே தென்கரையில் படகு கட்டும் தூண்களும் ஏற்றி இறக்கச் சரிவுத் தளமும் அமைக்க ஊர்க்கூட்டம் முடிவு செய்துள்ளது. உரிய துறைகளின் அனுமதி பெற்ற பின்னரே வேலை தொடங்கும். கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அது பக்கத்து ஊரின் கரையை அரித்துவிடக் கூடும் என்பதால் நாங்கள் அதை விரும்பவில்லை.

கடைமடை விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு. முகத்துவாரம் அடைபட்டால் மழைநீர் வடியாமல் சம்பாப் பயிர் மூழ்குவதை அவர்களே நன்கு அறிவார்கள். கதவணையைத் தொடப்போவதில்லை என்பதால், உப்புநீர் வயலுக்கு ஏறிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்குப் பின் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தூர்வார இயலாது. ஆகவே கோடையிலேயே வேலையை முடித்தாக வேண்டும். ஊரில் படகு வைத்திருப்போர் ஒவ்வொருவரும் ஒரு நாள் பாட்டை, அதாவது அன்றைய மீன்பிடி வருமானத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டுள்ளனர். வலைக்கூலியில் வாழும் குடும்பங்களிடம் பணம் கேட்கவில்லை. ஆள் உதவி மட்டும் போதும். மீன் வியாபாரிகளும், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும், அக்கம்பக்கத்து விவசாயிகளும் இயன்றதைத் தந்து உதவுமாறு வேண்டுகிறோம். சிமெண்ட், கம்பி, கருங்கல் என்று பொருளாகவும் தரலாம்.

நன்கொடைகளைக் குழுவின் பொருளாளரிடம் மட்டும் செலுத்தி, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் எவரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பட்டு, மீன் ஏலக்கூடத்தின் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
படகு ஒதுங்குதுறை அமைப்புக் குழுவினர்