பாளையங்கோட்டை நாய் வளர்ப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாச்சி அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முறையாக நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை நான் வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் தின்றது சிப்பிப்பாறை, கன்னி என்ற இரண்டு நாட்டு வேட்டை நாய்களைப் பற்றிய வழக்குதான். இரண்டும் ஒரே ரத்தம், நிறந்தான் வேறு என்பது ஒரு கட்சி. செவலை, சந்தனப் பிள்ளை என்கிற சந்தன நிறம் என்றால் சிப்பிப்பாறை. கறுப்பு உடம்பில் காலிலும் நெஞ்சிலும் கண்ணுக்கு மேலேயும் பழுப்பு விழுந்தால் கன்னி. இல்லை, கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் பெயர் பெற்ற தனி இனம் கன்னி என்பது கோவில்பட்டிப் பக்கத்து உறுப்பினர்கள் சிலரின் வாதம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இரண்டையும் தனித்தனியாகச் சொன்னதை ஒருவர் எடுத்துக்காட்ட, வழக்கு இன்னும் ஒரு மணி நேரம் நீண்டது. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

குணத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். இரண்டுமே கண்ணால் வேட்டையாடும் நாய். ஒரு கைக்குத்தான் பழகும். வேற்றாள் தடவிக்கொடுப்பது பிடிக்காது. கரிசல் காட்டில் முயல் எழும்பிவிட்டால் நீங்கள் வைத்த பெயர் அதன் காதில் ஏறாது. எனவே சங்கிலியைக் கழற்றுமுன் யோசிக்கவும். 1972 வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். வேட்டை வீடியோ போடுகிறவர்களைச் சங்கத்திலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம். விலா எலும்பு தெரிவதைப் பார்த்து “சோறு போடமாட்டீங்களா?” என்று பக்கத்து வீட்டில் கேட்டால் கோபப்பட வேண்டாம், இந்த நாய்க்கு உடம்பே அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

அடுத்தது ராஜபாளையம். 2005-ல் அஞ்சல்தலையில் வந்த நாய், பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று பெருமை பேசியே நான் ஒரு குட்டி வாங்கினேன். விற்றவர் சுத்த ரத்தம் என்றார், பொய்யில்லை. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் அடுப்படியில் எவர்சில்வர் தட்டு விழுந்தது. தெருநாய்கூடக் குரைத்தது, இவன் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று மணி அடித்தேன், காது அசையவில்லை. தரையில் ஓங்கி மிதித்தேன், சடாரென்று எழுந்தான். தரை அதிர்ந்ததுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே காது போய்விடுகிறது. வெள்ளைக்கு வெள்ளையே சேர்த்து வந்ததன் விலை இது. “செவிடுன்னா தீபாவளி வெடிக்குப் பயப்படாதுல்லா அண்ணாச்சி” என்று ஓர் உறுப்பினர் ஆறுதல் சொன்னார். உண்மைதான். ஆனால் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வருகிறான். அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குட்டி வாங்கப் போகிறவர்கள் பையில் ஒரு மணியைப் போட்டுக்கொண்டு போகவும். தரையில் மிதித்துச் சோதிக்க வேண்டாம்.

வெளிநாட்டு இனங்களுக்கு ஒரே கூட்டம்தான் ஒதுக்க முடிந்தது. லாப்ரடார் தண்ணீரைக் கண்டால் நிற்காததற்குக் காரணம் அதன் முன்னோர். நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வேலை பார்த்தவை. நாம் அல்சேஷன் என்று சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டு, 1899-ல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற படை அதிகாரி ஆட்டுக்கிடை நாய்களிலிருந்து உருவாக்கியது. வேலையில்லாமல் கட்டிப்போட்டால் நாள் முழுக்கக் குரைக்கும். டாபர்மேன், வரி வசூலித்த ஒருவர் தன் பாதுகாப்புக்காக உண்டாக்கியது. இதைக் கேட்டதும் நம் தலைவர் ஓய்வுபெற்ற வரித்துறை ஊழியர் என்பதால் பலத்த கைதட்டல்.

சைபீரியன் ஹஸ்கி விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 1925-ல் அலாஸ்காவின் நோம் நகருக்குத் தொண்டை அடைப்பான் மருந்தைப் பனியில் இழுத்துப்போன நாய்கள் அவை. அதை அக்னி நட்சத்திரத்தில் மாடி வீட்டில் ஏசி போட்டு வளர்ப்பதும், கரண்ட் போனால் ஈரச்சாக்கோடு ஓடுவதும் நடக்கிறது. முடியை மழித்தாலும் சூடு தீராது. வெயிலையும் தடுக்கிற முடி அது. தமிழக அரசின் 2024 நாயினப் பெருக்கக் கொள்கையில் ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்டு முதலானவற்றை இனப்பெருக்கம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. ஏற்கெனவே வைத்திருக்கும் உறுப்பினர்கள் விடிகாலையில் மட்டும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகவும்.

செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தன்று தடுப்பூசி முகாம் நடந்தது. மூன்று மாதக் குட்டி முதல் எல்லா நாய்க்கும் ஆண்டுதோறும் ஊசி அவசியம். நாய் கடித்தால் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம்.

புதிய நிர்வாகிகள் தேர்தல் அடுத்து நடைபெறும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பின்கட்டில் சுக்குக் காப்பி தயார். வாசலில் வேப்பமரத்தில் கட்டியிருக்கும் கறுப்புக் கன்னி யாருடையது என்று தெரியவில்லை, கயிற்றைப் பாதி கடித்துவிட்டது. உரியவர் உடனே வரவும்.