பின்னேரம் ஏழரையோட திருகோணமலை டவுனைப் பூட்டாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் கனடாவில இருந்து அக்காவும் பிள்ளையளும் வந்து நிண்டவை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவையள நடத்தியே டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனன், பத்திரகாளி கோயில்ல கும்பிட்டிட்டு அப்பிடியே கோட்டை வாசல், டச்பே கடற்கரை எண்டு சுத்தி, சுடச்சுட இறால் வடை வாங்கித் திண்டு, பிள்ளையள் அங்க திரியிற மானுக்குப் பின்னால ஓடி, நல்ல சந்தோசமா இருந்தது. ஏழரைக்கு கடைத்தெருப் பக்கம் திரும்பினா ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஷட்டர் இழுக்கினம், றோட் இருட்டு, கானுக்கு மேல ஆடிக்கொண்டு கிடந்த சிலாப்பில அக்காட மகள் கால் வச்சு கணுக்கால் பிரண்டு போச்சு. "பாட்டுக் கேட்டு இருந்து சாப்பிட எங்க சித்தி போகலாம்" எண்டு அவள் கேக்க, ஓட்டோ பிடிச்சு உப்புவெளிக்குப் போவம் எண்டதைத் தவிர என்னட்ட வேற பதில் இல்ல. எனக்கு அழுகை வராத குறை.

உப்புவெளியில சுற்றுலாக்காரருக்கு ஹோட்டல் இருக்குது, மியூசிக் இருக்குது, அது இருக்கட்டும். ஆனா டவுனில இருக்கிற எங்களுக்கு? எங்கட டவுன் ஒரு பக்கம் டச்பே, மற்றப் பக்கம் உட்துறைமுகம், ரெண்டு கடலுக்கும் நடுவில இருக்கிற சின்ன இடம், ஒரு கடலில இருந்து மற்றக் கடலுக்கு ஆற அமர நடந்தாலே அரை மணித்தியாலம் போகாது. நடந்து திரியிறதுக்கு இதை விட வசதியான ஊர் இலங்கையில எத்தினை இருக்கு சொல்லுங்க.

கொழும்பு கோட்டையில டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடம் 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில சேதமாகிக் கிடந்தது, அதைத் திருத்தி 2011 இல கடையும் சாப்பாட்டுக்கடையுமாத் திறந்தவை. நான் ஒருக்காப் போன நேரம் முற்றத்தில ரெண்டு பெடியள் கிட்டாரோட பாடினவை, சனம் பிள்ளைகுட்டியோட இருந்து சாப்பிட்டுக்கொண்டு கேட்டது. எங்களிட்டையும் பழைய கட்டடம் இருக்கு, கடற்காத்தும் இருக்கு. அதோட தெற்கில காலி ஊர்ப் பக்கம் தென்மேல் பருவக்காத்தில கடல் கொந்தளிக்கிற மாசங்கள்லதான் எங்கட கடல் குளம் மாதிரி, ஏப்ரலில இருந்து செப்டெம்பர் மட்டும் சனம் வாற சீசன்.

வாசிக்க ஆக்கள் இல்லையோ? எங்கட ஒழுங்கையில ஒரு நாதஸ்வரக்கார அண்ணா இருக்கிறார், திருவிழாக் காலம் முடிஞ்சா ஓட்டோதான் ஓடுறார், சீட்டுக்குக் கீழ துணி உறையில நாதஸ்வரம் கிடக்கும், ஹயர் இல்லாத நேரம் அதை ஊதுற சீவாளியை வாயில வச்சு ஈரமாக்கிக்கொண்டு இருப்பார், நான் கண்ணால பாத்தனான். பாலையூற்றில இருக்கிற, போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கிச் சனத்தின்ர கலியாண வீட்டில வயலினும் றபான் எண்ட தோல் மேளமும் சேந்து கபிரிஞ்ஞா வாசிக்கக் கேட்டிருக்கிறீங்களா, கிழவியள் கூட கதிரையில இருக்க மாட்டினம். போர்த்துக்கேயர் காலத்தில இருந்து வாற இசை அது, பைலா அதில இருந்துதான் வந்தது, இஞ்ச இருக்கிற சின்னப் பிள்ளையளுக்கு அது தெரியாமலே போகப் போகுது. முஸ்லிம் பக்கீர் பாவாமாரின்ர றபான் பாட்டும் அப்பிடித்தான்.

நான் கேக்கிறது பெரிய விசயம் இல்ல. சீசனில சனிக்கிழமை மட்டும், ஒரே ஒரு தெரு, பின்னேரம் ஆறில இருந்து ஒன்பதரை வரைக்கும் வாகனம் விடாம மறிச்சு, லைட் போட்டு, கடைக்காரரும் பூட்டாம இருந்தாக் காணும். கொத்துக்கடை, அப்பக்கடை, கணவாய்ப் பொரியல், கிண்ணியா எருமைத்தயிரும் பாணியும் எல்லாம் அந்தத் தெருவிலயே வரட்டும். ஸ்பீக்கர் அடுக்கி வச்சு ரெக்கோட் பாட்டுப் போடுற வேலை மட்டும் வேண்டாம், பக்கத்தில கோயில், பள்ளிவாசல், சேர்ச், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கு, ஆளே இருந்து வாசிக்கட்டும், பக்கத்து மேசைக்காரரோட கதைக்கக் கூடிய சத்தம் போதும். வாசிக்கிறவைக்குக் கட்டாயம் காசு குடுக்க வேணும், "சாப்பாடு தாறம் வந்து வாசிங்க" எண்டு கூப்பிடுறது பெரிய அநியாயம். லஞ்ச்ஷீட், பொலித்தீன் ஒண்டும் வேண்டாம், வாழையிலை காணும், ஏனெண்டா குப்பையைக் கிளறி அதைத் தின்னுறது எங்கட மான்கள்தான்.

அடுத்த ஆடியில அக்கா ஆக்கள் திரும்ப வரினம். அதுக்கிடையில வர்த்தகர்மாரும் நகரத்துக்குப் பொறுப்பானவையும் ஒருக்கா இருந்து கதைச்சு ஒரு சனிக்கிழமையாவது செய்து பாருங்க. அண்டைக்கு நானும் என்ட வீட்டுக்காரரும் அப்பச்சட்டியோட வந்து நிப்பம்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகி,
திருகோணமலை