செய்த கை முத்திரை போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பழைய மோட்டார் சைக்கிளைத் தேடிப்பிடித்து வாங்கி, வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பூட்டுகிற பழக்கம் கொழும்பில் நன்றாகவே பரவியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்களுக்கு வழி விடாமல் வைத்திருந்தார்களே, அந்தக் காலத்தில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த வண்டிக்கெல்லாம் விலை வந்துவிட்டது. சந்தோஷம்தான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கிடைக்காத பாகத்தை வீட்டில் செய்கிறவர்களிடமும், செய்விக்கிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நீங்கள் செய்த பாகத்தில் உங்கள் அடையாளத்தைப் போடுங்கள். கம்பனியின் முத்திரையைப் போடாதீர்கள்.

நான் செட்டியார் தெருவில் நகைத்தொழில் செய்கிறவன். முத்திரை பார்ப்பது எனக்கு அன்றாட வேலை. அதனால்தான் இந்த விஷயம் மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

என்னிடம் இருப்பது பி.எஸ்.ஏ. பான்டம் டி1. டூ ஸ்ட்ரோக், 123 சி.சி., மூன்று கியர். 1948இல் வந்த மொடல். பெயர் ஆங்கிலப் பெயராக இருந்தாலும் மூலம் ஜெர்மனி. டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டியின் வடிவமைப்பு, போர் முடிந்ததும் நட்டஈடாகப் பிரித்தானியர் கைக்குப் போனது. கியர் மிதி வலது பக்கம் இருக்கவேண்டும் என்பது அந்தக் கால ஆங்கிலேயர் வழக்கம். அதற்காக என்ஜினை அப்படியே இடம் வலமாகத் திருப்பி வரைந்தார்கள். அதே ஜெர்மன் வண்டியைப் பார்த்துத்தான் ரஷ்யர்கள் மொஸ்க்வா செய்தார்கள், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் 125 சி.சி. வண்டி செய்தது, 1955இல் யமஹா தன் முதல் மோட்டார் சைக்கிளான வை.ஏ.1ஐச் செய்தது. பிரதி எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் பாருங்கள், யமஹா பெற்றோல் தாங்கியில் டி.கே.டபிள்யூ. என்று எழுதவில்லை. யமஹா என்றுதான் எழுதியது.

இனி என் கதை. வண்டியை எனக்கு விற்றவர் பழைய வண்டிக்காரர்களிடையே பெயருள்ள மனிதர். அந்தப் பெயர் இங்கே தேவையில்லை. “அண்ணே, முன்பக்கம் முழுக்க ஒரிஜினல். கை வைக்கவே தேவையில்லை” என்று சொல்லித்தான் தந்தார். ஓட்டினேன். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஜம்பட்டா வீதிச் சன நெரிசலுக்குள்ளும் போயிருக்கிறேன். பிறகொரு நாள், பெயரிங்குக்கு கிரீஸ் மாற்றலாம் என்று முன்சில்லைக் கழற்றினேன். சில்லு சுற்றுகிற அச்சுத்தண்டு வெளியே வந்தது. பார்க்க நல்ல அழகு. நிக்கல் முலாம் மின்னுகிறது, தலைப்பக்கத்தில் பி.எஸ்.ஏ.யின் அந்த மூன்று துப்பாக்கி முத்திரை.

பெருக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முத்திரை குத்தினால் உலோகம் எங்கேயும் போய்விடாது. முத்திரைக் கட்டை இறங்கிய இடத்திலிருந்து ஒதுங்கி ஓரத்தில் மெல்லிய வரம்பாக எழும்பி நிற்கும். அடியும் ஒரே ஆழமாக இருக்கும். இதிலோ வரம்பே இல்லை. உலோகம் சீவி எடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கியின் கோடும் நுனியில் மெலிந்து போய் முடிகிறது. அது சிற்றுளி போன வழி. வளையலில் பெயர் வெட்டுகிற எவனும் பார்த்தவுடன் சொல்லிவிடுவான். யாரோ பொறுமையாக உட்கார்ந்து மூன்று துப்பாக்கியையும் கையால் செதுக்கியிருக்கிறார்.

அதற்குமேல் சும்மா இருக்க முடியுமா? அரத்தை நுனியில் வைத்தேன், ஆணியில் இறங்குவதுபோல் இறங்கியது. சாணைக்கல்லில் லேசாகப் பிடித்தேன். காபன் கூடின உருக்கு என்றால் பொறி கிளை கிளையாக வெடிக்கும். இது நீளமாகக் கோடு போட்டுக்கொண்டு ஓடியதே தவிர அவ்வளவாக வெடிக்கவில்லை. சாதாரண மென்னுருக்குக் கம்பி. சமதளமான கண்ணாடித் தட்டில் உருட்டினால் நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிகிறது. வளைந்துவிட்டது.

இதில் எனக்குக் கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகம். ஏனென்றால் செய்தவர் அரைகுறை ஆள் இல்லை. பான்டத்தில் பல இடங்களில் பழைய பிரிட்டிஷ் ‘சைக்கிள் த்ரெட்’ வரும், அதாவது திருகில் அங்குலத்துக்கு 26 புரி. இன்றைக்குப் பழைய சோனகத் தெருவில் எந்தக் கடையில் ஏறினாலும் எடுத்துத் தருவது மில்லிமீற்றர் த்ரெட். எட்டில் மூன்று அங்குல போல்ட்டுக்குப் பதில் பத்து மில்லிமீற்றர் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டில் மூன்று அங்குலம் என்றால் 9.525 மில்லிமீற்றர். 9.525 எங்கே, 10 எங்கே? புரியும் ஒத்துவராது. முறுக்கி ஏற்றினால் பழைய துளையும் சேர்ந்து நாசமாகும். இந்த மனிதர் அப்படியெல்லாம் குறுக்குவழி பார்க்கவில்லை. லேத்தில் பற்சக்கரத்தை மாற்றிப் போட்டு, 26 புரியையும் சுத்தமாக வெட்டியிருக்கிறார். இவ்வளவு கை வந்த மனிதர் உருக்கில் கோட்டைவிட்டு, அதன்மேல் அடுத்தவன் முத்திரையையும் செதுக்கி வைத்தாரே என்பதுதான் தாங்கவில்லை. முத்திரைக்குச் செலவழித்த நேரத்தில் நல்ல உருக்கு ஒரு துண்டு தேடியிருக்கலாம். வெறுமனே விட்டிருந்தால்கூட நான் வாங்கிய அன்றே சந்தேகப்பட்டுச் சோதித்திருப்பேன். சந்தேகம் வராமல் தடுத்தது அந்த மூன்று துப்பாக்கிதான்.

அந்தத் துப்பாக்கிகள் சும்மா அழகுக்கு வந்தவை அல்ல. 1861இல் பர்மிங்ஹாமில் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடி ஆரம்பித்த கம்பனி அது. அந்த ஊரில் துப்பாக்கிக் குழல்களைச் சோதிக்கவென்றே 1813இல் ஒரு நிலையம் வைத்தார்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து போட்டு வெடிக்கவைத்துப் பார்ப்பார்கள், வெடித்துச் சிதறாமல் தாக்குப்பிடித்த குழலுக்குத்தான் முத்திரை. எங்கள் தொழிலுக்கும் அந்த ஊர் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்துக் கரண்டி, தட்டு உருக்கவென்று எங்கள் தெருவுக்கு வரும். அதில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம். வெள்ளியின் மாற்றைச் சோதிக்கும் நிலையம் அங்கே 1773இல் தொடங்கியது. நங்கூரத்துக்குப் பக்கத்தில் செய்தவனுடைய எழுத்தும் இருக்கும். செய்தவன் தன் அடையாளத்தைப் போட்டே ஆகவேண்டும் என்று இங்கிலாந்தில் 1363இலேயே சட்டம் வந்துவிட்டது. ஒரு கரண்டி செய்தவன்கூட அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன். (எங்கள் தெருவில் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. உரைகல் இன்னமும் மேசை மேல் இருப்பது அதற்காகத்தான்.)

வீட்டில் பாகம் செய்யவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். என் வண்டியில் என் கையால் செய்தவை பல. பிரேக், கிளச் கேபிளின் நுனியில் லீவருக்குள் மாட்டிக்கொள்ளும் பித்தளைக் குமிழ், அந்த நிப்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் கம்பியில் துளை போட்டு, ஒரு பக்க வாயை அகலித்துக்கொள்வேன். கேபிளின் எண்ணெயை முழுக்கப் போக்கிவிட்டு உள்ளே நுழைத்து, அகன்ற வாயில் இழைகளை விரித்து மடக்கி, ஈயப்பற்றை ஓடவிடுவேன். பிடிமானம் இழை விரிந்திருப்பதில் இருக்கிறது, பற்று அதை அசையாமல் வைத்திருக்க மட்டும். நகைக்காரன் கைக்கு வெண்காரம் போட்டு வெள்ளிப் பொடி வைத்து ஊதிவிடத்தான் தோன்றும். இங்கே அது ஆகாது. வெள்ளிப்பற்று ஓட 600 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கேபிள் இழையின் உறுதி இறங்கிவிடும், நிப்பிளுக்குச் சற்றுப் பின்னால் ஒவ்வோர் இழையாக அறும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 200 பாகைக்குள்ளேயே ஓடிவிடும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது. பற்று ஒட்டுவதற்கு அமிலத் திராவகம் பாவித்தால் அப்பச்சோடா கலந்த சுடுநீரில் கழுவ மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. பூட்டுமுன் லீவரில் மாட்டி முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். அது நம் வீட்டுப் பர்மிங்ஹாம் சோதனை.

பெற்றோலைத் திறந்து மூடும் டப்பின் பிடி, தாங்கி மூடியோடு வரும் எண்ணெய் அளக்கிற கிண்ணம், இவை மெழுகில் வடித்துப் பித்தளையில் வார்த்தவை. பித்தளை ஆறும்போது ஒடுங்கும், அதனால் மெழுகை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு போலப் பெரிதாக எடுக்க வேண்டும். பித்தளை உருக்கும் வேலையை மொட்டைமாடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சூடு 900 பாகையைத் தாண்டினால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், மூச்சில் போனால் இரவில் குளிர்காய்ச்சல் நிச்சயம்.

தண்டு சுற்றுவதற்கு உள்ளே வைக்கிற குழல், அந்தப் புஷ் போன்றவற்றுக்கு லேத் வேண்டும். கிராண்ட்பாஸில் எனக்குத் தெரிந்த லேத் வேலைக்காரப் பாஸ் ஒருவர் செய்து தருகிறார். தேய்ந்த புஷ்ஷைக் கொண்டுபோய் “இதே மாதிரி ஒன்று” என்று நீட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தேய்ந்ததைப் பார்த்துச் செய்தால் தேய்ந்ததுதான் வரும். அது ஓடுகிற தண்டையும் உட்காருகிற துளையையும் அளந்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்குப் புதிய அச்சை அவர்தான் கடைந்து தந்தார். எந்த உருக்கு என்று தெரியாத லொறி அச்சுத் துண்டு எதுவும் வேண்டாம் என்று சொல்லி, இ.என். 8 (நடுத்தரக் காபன் உருக்கு) என்று அடையாளம் போட்டு விற்ற கம்பியை நானே வாங்கிக் கொடுத்தேன்.

அதில் அவருடைய எழுத்து, வருடம், உருக்கின் இலக்கம் மூன்றையும் குத்தியிருக்கிறோம். எங்கே குத்துவது என்பதும் முக்கியம். பாரம் தாங்கும் தண்டில் குத்தக் கூடாது. அந்தச் சின்னப் பள்ளத்திலிருந்தே வெடிப்பு ஆரம்பிக்கும். அச்சென்றால் நுனி முகத்தில் மட்டும். லீவர், பிடி என்றால் அடிப்பக்கம், பார்வைக்குக்கூடத் தெரியாது. வார்ப்பு என்றால் மெழுகிலேயே கீறிவிடலாம். நிப்பிளில் இடம் காணாது, கேபிள் உறையில் ஒரு தகட்டு வளையம் போட்டால் போதும். எழுத்துக் குத்தும் பஞ்ச் செட் ஒன்றுக்கு ஆகும் செலவு வண்டிக்கு அடிக்கிற பெயின்டில் ஒரு மூலைக்கும் காணாது.

அடையாளம் போட்டால் வண்டியின் மதிப்பு குறையும் என்று சில தம்பிமார் சொல்கிறார்கள். யாருக்குக் குறையும்? விற்கிறவருக்கு வேண்டுமானால் குறையலாம். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் இருக்கும், சில்லு எதில் சுற்றுகிறது என்று எந்தத் திணைக்களமும் எழுதி வைப்பதில்லை. ஆகவே ஒரு கொப்பியில் எந்தப் பாகம், யார் செய்தது, எந்த உலோகம், எந்த த்ரெட் என்று எழுதி, விற்கும்போது வண்டியோடு கொடுத்துவிடலாம். அப்படிக் கொப்பியோடு வருகிற வண்டிக்கு நானாக இருந்தால் கூடுதலாகத்தான் கொடுப்பேன். அடுத்தமுறை ஒரு நட் கழன்றால் எந்த த்ரெட் என்று தேடி ஒரு நாளை வீணாக்க வேண்டியிருக்காதே.

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கலாமா, ஐயா? வரி விளம்பரப் பக்கத்தில் பழைய மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு என்று வரும்போது, முன்சில்லு அச்சு, ஃபோர்க், பிரேக் ஆகிய மூன்றிலும் புதிதாகச் செய்து போட்டவை உண்டா என்று ஒரு வரி சேர்க்கும்படி விளம்பரம் தருகிறவர்களிடம் நீங்கள் கேட்கலாம். பொய் சொல்ல நினைக்கிறவர் எப்படியும் சொல்வார். ஆனால் பத்திரிகையில் சொன்ன பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வாங்கியவருக்கு ஓர் இடமிருக்கும்.

அந்தப் போலி அச்சு இப்போதும் என் பட்டறையில் இருக்கிறது. செய்தவர் இதைப் படிக்க நேர்ந்தால் தாராளமாக வரலாம், சண்டைக்குக் கூப்பிடவில்லை. எனக்கு 26 புரியில் இன்னும் இரண்டு நட் தேவைப்படுகிறது. நல்ல உருக்கு நான் தருகிறேன். அவர் பெயரைத்தான் குத்த வேண்டும்.

இப்படிக்கு,
நகைத்தொழிலாளி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.